சங்கிலியோடு ஒரு கயிறு

(சங்க இளைஞர் பிரிவின் தொழில் அறிமுக நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

கயிறும் சங்கிலியும் விற்கிற எங்களையும் மேடையேற்றி இருக்கிறீர்கள். மகிழ்ச்சி. பினாங்கில் எங்கள் கடைக்கு மீன்பிடிப் படகுக்காரர்கள் வருவார்கள்; லங்காவிக்குப் போகிற பாய்மரப் படகுக்காரர்களும் வருவார்கள். நம் பிள்ளைகள் சிலர் இப்போது அந்தப் படகுகளில் வேலைக்குப் போகிறார்கள். ஆகவே, நங்கூரம் போட்டு நிற்கிற படகுக்கு இரவில் என்ன நேரும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

நாற்பதடிப் படகில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் சங்கிலி இருக்கும். மீட்டருக்கு இரண்டே கால் கிலோவுக்குக் குறையாது. ஐம்பது மீட்டர் விட்டால் நூறு கிலோவுக்கு மேல் கடலுக்குள் கிடக்கிறது. லேசான காற்றில் அந்த எடையே போதும். சங்கிலி தொய்ந்து தரையில் படுத்திருக்கும். காற்று தள்ளினால் கொஞ்சம் எழும்பும், விட்டால் படுக்கும். படகுக்கு அதுதான் மெத்தை.

காற்று கூடினால் கணக்கு மாறிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் விழும் தள்ளு நான்கு மடங்கு; மூன்று மடங்கானால் ஒன்பது. மலாக்கா நீரிணையில் நமக்கெல்லாம் தெரிந்த 'சுமத்ரா' காற்று, ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன் வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். அப்போது சங்கிலியில் தொய்வே இருக்காது. இரும்புக் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். அலை அணியத்தைத் தூக்கும்போதெல்லாம் 'டக்'கென்று ஒரு வெட்டு இழுப்பு. இரும்பு நீளாது, ஆகவே அந்த இழுப்பு முழுவதும் நங்கூரத்துக்கும் படகின் தளத்துக்கும்தான் போகும்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. லங்காவிக்குத் தெற்கே ஒரு தீவோரம், பஜ்ருக்கு முந்திய நேரம், உள்ளே மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தூக்கம். நங்கூரம் அசையவில்லை, சங்கிலி அறவில்லை. சங்கிலியைச் சுருட்டும் மின்பொறி இருக்கிறதே, விண்ட்லஸ், அது போல்ட்டோடு தளத்திலிருந்து பிய்ந்துவிட்டது. அது சங்கிலியை ஏற்றி இறக்க மட்டும் செய்த பொருள். இரவெல்லாம் படகைப் பிடித்து நிறுத்தச் செய்ததல்ல. சங்கிலி முழுவதும் ஓடிப் போனது. எஞ்சின் உடனே பிடித்ததால், அல்ஹம்துலில்லாஹ், பாறையைத் தொடாமல் விலகினார்கள்.

அந்தப் படகில் இல்லாதது எட்டு அல்லது பத்து மீட்டர் நைலான் கயிறு. ஸ்னப்பர் என்பார்கள். சங்கிலியை விட்டு முடித்ததும் கயிற்றின் ஒரு முனையைச் சங்கிலியில் பிணைத்து, மறுமுனையை அணியத்தில் உள்ள வலுவான கிளீட்டில் கட்ட வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம் சங்கிலியை விட்டால் இழுப்பைக் கயிறு வாங்கிக்கொள்ளும். கிளீட்டுக்கும் முடிச்சுக்கும் இடையே சங்கிலி சும்மா வளைந்து தொங்கும். நம் வீடுகளில் பேரப்பிள்ளைக்கு ஸ்பிரிங் ஏணை கட்டுகிறோமே, அந்த ஸ்பிரிங்கின் வேலைதான் இந்தக் கயிற்றுக்கு. கடலடிப் பாறையில் சங்கிலி உரசும் கரகர ஓசையும் படுக்கை வரை வராது. பலர் அந்த ஓசைக்காகவே வாங்குகிறார்கள், அதுவும் நல்லதுதான்.

இனி வியாபாரம். கடைக்கு வருகிறவர் முதலில் கேட்பது, 'இருப்பதிலேயே தடித்ததைக் கொடுங்கள்'. தடித்த கயிறு விலை அதிகம், எங்களுக்கு லாபமும் அதிகம். ஆனால் தடித்த கயிறு நீளாது. நாற்பதடிப் படகுக்கு 12 மில்லிமீட்டர், மூன்று புரி நைலான் போதும். அது ஏறக்குறைய 3 டன் வரை தாங்கும். அறுந்தாலும் கீழே சங்கிலி காத்திருக்கிறது. அந்தச் சங்கிலியையும் விண்ட்லஸை நம்பி விடாமல் தனியாக ஒரு வலுவான இடத்தில் பிணைத்திருக்க வேண்டும். பாலியெஸ்டர் கயிறும் நைலானைப் போலவே வெள்ளையாக இருக்கும், ஆனால் நீட்சி குறைவு. டைனிமா எஃகுக்கு நிகரான பலம், விலையும் அப்படியே. இந்த வேலைக்கு உதவவே உதவாது. பொருளின் குறையை மறைத்து விற்கக்கூடாது என்பது நம் மார்க்கம். பொருளில் குறையே இல்லாவிட்டாலும் வேலைக்குப் பொருந்தாததை விற்பதும் எங்கள் கணக்கில் அதே வகைதான்.

பெரியவர்களுக்கு ஒரு செய்தி. நாகூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் மரைக்காயர்கள் கப்பலோட்டிய காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் தென்னை நார்க் கயிறு புழங்கியது. தென்னை நாருக்கு இயல்பிலேயே நன்றாக நீளும் குணம் உண்டு. ஆங்கிலேயர் அதைக் 'காயர்' என்றார்கள்; நம் கரையோரத்துக் 'கயிறு'தான் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்களுக்கு இரும்புச் சங்கிலி வந்தது. பாறையில் தேய்ந்து அறுவது நின்றது. கூடவே கயிற்றின் அந்த நெகிழ்வும் போயிற்று. 1930களில் கண்டுபிடித்த நைலானால் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

கட்டும் முறைக்கு வருவோம். இரும்புக் கொக்கியை எங்கள் கடையிலும் விற்கிறோம், ஆனால் கயிறு தளர்ந்தால் சில கொக்கிகள் சங்கிலியிலிருந்து நழுவிவிடும். ரோலிங் ஹிட்ச் முடிச்சு அப்படி எளிதில் நழுவாது. நைலான் வழுக்கும் என்பதால் ஒரு சுற்று கூடுதலாகப் போடுங்கள். கயிறு படகின் விளிம்பைத் தொடும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டை மாட்டிவிடுங்கள். கயிறு பெரும்பாலும் அறுவது இழுப்பால் அல்ல, அந்த ஓர் இடத்துத் தேய்மானத்தால். காலையில் எழுந்ததும் அங்கே விரலால் தடவிப் பாருங்கள். புரி பஞ்சாகி இருந்தால் அந்த அளவை வெட்டிவிட்டு மீதியைக் கட்டலாம். வாங்கும்போதே இரண்டு மீட்டர் கூடுதலாக வாங்கச் சொல்வது அதற்காகத்தான், விற்பனைக்காக அல்ல!

பின்வரிசை மேசையில் ஒரு முழச் சங்கிலியும் நான்கு கயிறும் வைத்திருக்கிறோம். இஷா தொழுகைக்குப் பிறகு தம்பி தங்கைகள் வந்து முடிச்சைப் போட்டுப் பார்க்கலாம்.