வயிற்றுவலியை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது?

பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறது என்றால் பெட்டியில் எதை எதையோ வைப்போம். ஊறுகாய், பருப்புப்பொடி, மைலோ, ஒரு கோடாலித் தைலம், இரண்டு அட்டை பனடோல். அத்துடன் மருத்துவம் முடிந்தது. பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு போய்வரும் இருபது வயதுப் பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு நினைப்பு.

சிங்கப்பூரிலிருந்து ஒசாகாவுக்குப் போன ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை தொப்புளைச் சுற்றி மந்தமான வலி. சாப்பாடு இறங்கவில்லை. 'கேஸ்திரிக்' என்று அவளே முடிவு கட்டிவிடுகிறாள். எந்த வயிற்றுவலி வந்தாலும் நம்மவர் வைக்கும் பெயர் அதுதானே! இங்கே இரவு எட்டு மணி, அங்கே ஒன்பது. தாயார் அழைக்கிறார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"தூக்கம் வருதும்மா."

அம்மா கவலைப்படுவாரே என்றுதான் அந்தப் பொய். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளில் இதைச் சொல்லாதவர் குறைவு.

சனிக்கிழமை வலி அடிவயிற்றின் வலப்பக்கத்துக்கு இறங்குகிறது. நடந்தால் அதிர்கிறது, காய்ச்சலும் சேர்ந்துகொள்கிறது. குடல்வால் அழற்சி பெரும்பாலும் இப்படித்தான் இடம் மாறும். வலி மாத்திரை வலியை மழுக்குமே தவிர அழற்சியை நிறுத்தாது. நாள் கடந்தால் குடல்வால் வெடித்து, உயிருக்கே ஆபத்தாகலாம். இருந்தும் அவள் கட்டிலில் சுருண்டு கிடக்கிறாள்.

முதலில் பணப் பயம். ஆனால் அந்தப் பயத்துக்கு அங்கே அவ்வளவு இடமில்லை. 3 மாதத்துக்கு மேல் ஜப்பானில் தங்கும் வெளிநாட்டு மாணவர்கள் தேசிய சுகாதாரக் காப்பீட்டில் சேர வேண்டும் என்பது விதி. சேர்ந்தவர் சிகிச்சைச் செலவில் 30 விழுக்காடு கட்டினால் போதும். ஒரு மாதச் செலவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் அதற்கும் சலுகை உண்டு. வந்த வாரமே நகர அலுவலகத்தில் அவள் பதிந்துவிட்டாள். கொடுத்த தாளை மட்டும் படிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டாள். (மூன்று மாதத்துக்குள் திரும்புவோர் பயணக் காப்புறுதி எடுக்காமல் விமானம் ஏறக்கூடாது.)

அடுத்தது, எங்கே போவது என்ற குழப்பம். இங்கே புளோக்குக்குக் கீழே கிளினிக் இருக்கிறது. மருத்துவரைப் பார்த்ததும் அதே முகப்பில் மருந்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அங்கே பெரும்பாலும் மருத்துவர் சீட்டு மட்டுமே தருவார். மருந்துக்கு வேறு கடை. அந்தச் சீட்டும் எழுதிய நாளையும் சேர்த்து 4 நாளுக்குத்தான் செல்லும். ஞாயிற்றுக்கிழமை பல கிளினிக்குகள் திறப்பதில்லை. பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பெரிய மருத்துவமனைக்கு நேரே போனால், 2022 அக்டோபர் முதல் குறைந்தது 7,000 யென் கூடுதலாகக் கேட்கிறார்கள். அவசர நோயாளிக்குப் பொதுவாக அது இல்லை. 119ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும், அதற்குக் கட்டணம் கிடையாது. ஆம்புலன்ஸ் தேவையா இல்லையா என்று தெரியாவிட்டால் டோக்கியோ, ஒசாகா போன்ற இடங்களில் ஷார்ப் 7119 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். இவற்றில் ஒன்றையாவது பயணத்துக்கு முன் பிள்ளையிடம் சொல்லி அனுப்பிய பெற்றோர் எத்தனை பேர்?

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை மொழி. ஜப்பானியர்கள் வலியை இரட்டைச் சொற்களால் சொல்வார்கள். 'ஸுகிஸுகி' என்றால் துடிதுடிக்கும் வலி. 'சிகுசிகு' ஊசி குத்துவது போன்றது. வயிற்றைத் துளைத்தெடுப்பது 'கிரிகிரி'. விடாமல் மந்தமாக நோவது 'ஷிகுஷிகு'. தமிழருக்கு இது புதிதல்ல. தலை 'விண்விண்' என்று தெறிக்கிறது, 'சுருக்சுருக்' என்று குத்துகிறது என்று நம் பாட்டிமார் சொன்னால் மருத்துவருக்குப் பாதி விளங்கிவிடும். இந்த மாணவியோ பொருளாதாரத்தைப் பற்றி ஜப்பானிய மொழியில் கட்டுரை எழுதத் தெரிந்தவள். எந்த மாதிரி வலி என்று கேட்டால் வாய் திறக்க வழியில்லை. பாடப்புத்தகத்தில் யாருக்கும் வயிறு வலிக்கவில்லை போலும்.

அன்றிரவு பக்கத்து அறை வியட்நாம் மாணவி கதவைத் தட்டியதால் பிழைத்தாள். ஜப்பானிய மொழி நன்றாகப் பேசும் அந்தப் பெண் 7119ஐ அழைத்தாள். மறுமுனையில் கேட்ட கேள்விகள் சில: இருமினால் வலிக்கிறதா, எப்போது தொடங்கியது, எங்கிருந்து எங்கே நகர்ந்தது. உடனே ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லிவிட்டார்கள்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, இரவே அறுவை சிகிச்சை என்றார்கள். படிவத்தில் அவசரத் தொடர்புக்கு ஒருவர், பொறுப்பேற்க ஒருவர் என்று பெயர்கள் கேட்டார்கள். அதற்குப் பல்கலைக்கழக அலுவலகம் உதவியது. ஆனால் அடுத்த கேள்விக்கு யாராலும் உதவ முடியவில்லை. ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் உண்டா? சிறுவயதில் ஏதோ ஒரு மருந்தால் உடம்பெல்லாம் தடித்தது அவளுக்கு நினைவிருந்தது. மருந்தின் பெயர்தான் நினைவில்லை.

நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் தாயாரின் தொலைபேசி ஒலித்தது.

"அம்மா, சின்ன வயசுல எனக்கு எந்த மருந்து ஒத்துக்கல?"

தாயார் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "பெனிசிலின். நாலு வயசு உனக்கு. டாக்டர்கிட்ட இப்பவே சொல்லு."

அந்த ஒரு சொல் கடப்பிதழுக்குள் ஒரு துண்டுத் தாளில் இருந்திருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் போகும் நாட்டின் மொழியிலும் எழுதி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளையும் அதிலேயே குறித்துவைக்கலாம். ஊறுகாய்ப் புட்டியைப் பிளாஸ்டிக்கில் மூன்று சுற்றுச் சுற்றும் நேரத்தில் இதை எழுதிவிடலாம். பெட்டியில் போடும் மருந்துகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சூடோஎபிட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ள சளி மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை உண்டு.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஜப்பானிய மருத்துவமனைகளில் கஞ்சிக்கும் படிகள் உண்டு. முதலில் வடித்த நீர், பிறகு நீர்க்கஞ்சி, அப்புறம் கெட்டிக்கஞ்சி. மூன்றாம் நாள் மாணவி கிண்ணத்தைப் படமெடுத்து அனுப்பினாள். வெள்ளைக் கஞ்சி, ஓரத்தில் சிவப்பாக உப்பில் ஊறிய ஒரு பழம்.

"இது நம்ம கஞ்சிதானே?" என்று தாயார் கேட்டார்.

"ஆமாம்மா. ஊறுகாய்கூட வச்சிருக்காங்க."

அதுவரை அழாமல் இருந்தவர் அப்போதுதான் அழுதார்.