எது குறைவோ, அது!



ஒரகடத்துத் தொழிற்சாலையிலே கார் உருவாகிறது. அதிலே முடுக்கப்படும் திருகாணிக்கும் கணக்கு உண்டு. திருகாணிக்குக் கிட்டிய அந்தப் பெருமை, செவி கேளாச் சிறுமிக்குக் கிட்டியதா?

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் நலிந்தோருக்கு என்றது. 2012-இல் மாற்றுத்திறன் குழந்தைகளும் அப்பட்டியலில் சேர்ந்தனர். மகிழ்ந்தோம். கட்டணம்? அரசு ஒரு குழந்தைக்குச் செலவிடும் தொகை, அல்லது அப்பள்ளி வாங்கும் கட்டணம். எது குறைவோ, அது!

சைகை மொழி அறிந்த ஆசிரியை வேண்டுமே, சாய்தளம் வேண்டுமே, அந்தச் செலவு எந்தப் பத்தியில்? அதற்கெனப் பத்தியே இல்லை! பள்ளி முதலாளியைப் பழிப்பது எளிது. மேடைதோறும் நானும் பழித்தவன்தான். ஆனால் ஓட்டை, சட்டத்தில் அல்லவா இருக்கிறது?

அரசுப் பள்ளிக்கே போவோம் என்கிறாயா? அங்கே சிறப்பாசிரியர்களுக்கு ஊதியம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து வருகிறது. டில்லி 60 பங்கு, தமிழகம் 40. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25-இல் தமிழகத்துக்குரிய 2,152 கோடி ரூபாயைப் பூட்டி வைத்தது டில்லி. ஒப்பந்தம் எதுவென்று அந்தச் சிறுமிக்குத் தெரியுமா?

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவிலே அமர்ந்திருக்கும் தோழனே! வரும் கூட்டத்தில் வரவு செலவு ஏட்டைக் கேள். சிறப்புக் குழந்தைகளுக்கென வந்தது எவ்வளவு, அவர்களைச் சேர்ந்தது எவ்வளவு?