படைவீடும் பந்தியும்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில், விடியற்காலையில் தப்பொலி கேட்டதும் தொழிலாளர் வந்து கூடிய இடத்திற்குப் பெரட்டுக்களம் என்று பெயர். படையணி வகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே தமிழ் நாவில் பெரட்டு எனத் திரிந்தது. தோட்டத் துரைமாருக்கென்றே ஒரு துப்பாக்கிப் படை 1900ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்று, 1949இல் கலைக்கப்படும் வரை நிலவியது. ஆகவே ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் படைவீட்டுச் சொற்கள் வழங்கியதில் வியப்பொன்றுமில்லை. எனினும், களத்துச் சொற்களைக் காட்டிலும் சோற்றுச் சொற்களே ஆராயத் தக்கன.

படையினர் உண்ணும் கூடம் ‘மெஸ்’ எனப்படும். ‘அனுப்பப்பட்டது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிற் பிறந்து, பழைய பிரெஞ்சு மொழியில் மேசைக்கு அனுப்பும் உணவைக் குறித்து, ஆங்கிலத்தில் ஒன்றாயிருந்து உண்ணும் கூட்டத்திற்குப் பெயராயிற்று அச்சொல். ‘கொம்பனி’ என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. இலத்தீனில் ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. ரொட்டியைப் பகிர்ந்துண்போரே கொம்பனியார். படைப்பிரிவுக்கும் வணிகக் கூட்டுக்கும் அப்பெயரே நிலைத்தது. போர்த்துக்கேயர் வழியாக இலங்கைத் தமிழுக்கு வந்த ‘பாண்’ என்பதும் அதே வேரினின்று முளைத்ததுதான். பாணும் கொம்பனியும் உறவுமுறை! ஆனால், கொம்பனித் தோட்டங்களில் துரை உண்டது பங்களாவில். தொழிலாளி உண்டது லயத்துக் காம்பிராவில்.

தமிழும் வெறுங்கையுடன் நின்றுவிடவில்லை. சென்னை மாகாணத்து வெள்ளை அதிகாரிகள் மிளகுத்தண்ணீரை விரும்பிப் பருகி, அதனை ‘முல்லிகட்டானி’ என்றனர். அதனாலேயே அவர்களுக்கு ‘முல்’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. கஞ்சிக்கு வாய்த்ததோ வேறு விதி. குற்றம் புரிந்த சிப்பாயை அடைக்கும் படைச் சிறை ‘கஞ்சி வீடு’ எனப் பெயர் பெற்றது. உள்ளே கிடைத்த உணவு கஞ்சி என்பதே காரணம். ஏழையின் அன்றாட உணவு சிப்பாய்க்குத் தண்டனையாகத் தோன்றியது போலும்.

இனி ‘ரேஷன்’. பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்ற 1942ஆம் ஆண்டிலிருந்து இலங்கையர் யாவருக்கும் பழகிப்போன சொல் இது. அதற்கு முன்னரே படைவீரரின் நாளாந்த உணவுப் பங்கைக் குறித்து வந்தது. இதன் மூலமாகிய இலத்தீன் ‘ராசியோ’ என்பதற்குக் கணக்கு என்று பொருள். சிப்பாயின் பங்கைப் படை தன் பொறுப்பில் அளந்து கொடுத்தது. தோட்டத் தொழிலாளிக்கும் அரிசி அளந்தே கொடுக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவ்வரிசியின் விலையைக் கருத்திற் கொண்டது. ஆயினும் அது பெரும்பாலும் இனாமன்று. விலைக்கு அளந்த அரிசி கணக்கப்பிள்ளையின் ஏட்டில் பற்றாக ஏறியது. சம்பள நாளில் அரிசியின் விலை கழிந்து எஞ்சியதே தொழிலாளியின் கைக்கு வந்தது.