ஸ்கை தீவில் ஒரு மலை நடை



மலையேற்றம் என்ற சொல் நமக்குப் பழக்கமானது. மலையில் நடத்தல் என்னும் பொழுதுபோக்குக்கோ நம் வழக்கில் தனிச்சொல் இல்லை. ஸ்காட்லாந்து மக்கள் இவ்விரண்டையும் வெவ்வேறாகவே கருதுகின்றனர். கயிறும் ஆணியும் கொண்டு பாறையைத் தொற்றி ஏறுவது ஒன்று. கால்களை மட்டும் நம்பி, வேண்டுமிடத்தில் கைகளையும் ஊன்றி, உச்சிவரை சென்று மாலைக்குள் திரும்புவது மற்றொன்று. பின்னதையே இங்கு 'மலை நடை' என்கிறோம். நாள்தோறும் சொற்களை நிறுத்துப் பார்க்கும் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பதால் இந்த முன்னுரை, நேயர்கள் பொறுத்தருள்க.

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையை ஒட்டி ஸ்கை என்றொரு தீவு உள்ளது. 1995-ஆம் ஆண்டு முதல் அதற்குப் பாலம் உண்டு. தீவின் நடுவே கூலின் மலைகள் எழுகின்றன. அவற்றுள் கருங்கூலின், செங்கூலின் என இரு பிரிவுகள். இரண்டும் ஏறக்குறைய ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கனன்ற காலத்தில் தோன்றியவை. பின்னர் பனிப்பாறைகள் அவற்றை அரித்துச் செதுக்கின. செங்கூலின் கருங்கல்லினத்தது, உருண்டு திரண்ட குன்றுகள். கருங்கூலினோ காப்ரோ என்னும் சொரசொரப்பான பாறையால் ஆனது. அது செருப்பை நன்கு பற்றிக்கொள்ளும்; கைத்தோலையும் உரித்துவிடும். அப்பாறையின் காந்தத்தன்மையால் திசைகாட்டியின் முள் பல இடங்களில் பொய் சொல்லும். மூடுபனி அடிக்கடி இறங்கும் நாட்டில் இது விளையாட்டன்று.

கருங்கூலினின் முகடு சுமார் ஏழரை மைல் நீளமுள்ளது. அதன் மிக உயர்ந்த சிகரம் 3,255 அடி. 1873-இல் முதன்முதலில் அதன்மேல் ஏறிய ஸ்கை தீவினராகிய அலெக்ஸாண்டர் நிக்கல்சனின் பெயரையே, கேலிக் மொழியில் அலஸ்டைர் என்று அது தாங்கி நிற்கிறது. அருகில் மற்றொரு சிகரத்துக்கு 'அணுகவொண்ணாக் கூர்முனை' என்று பெயர். 1880-இல் பில்கிங்டன் சகோதரர் இருவர் அதன்மேல் ஏறிவிட்டனர். பெயர் மட்டும் மாறவில்லை. 3,000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்துச் சிகரங்களை 1891-இல் பட்டியலிட்ட ஸர் ஹியூ மன்றோ என்பவருக்கும் அம்முனை கடைசிவரை எட்டவில்லை என்பது ஒரு வேடிக்கை.

2023 மே மாதத்தில் நாங்கள் மூவர் அங்கே சென்றோம். எங்களுடன் எங்கள் மனைவியாரும், கிளாஸ்கோ நகரில் பணிபுரியும் மைத்துனரும் வந்தனர். ஸ்லிகாஹன் என்னும் இடத்தில் சாலையோரம் ஒரு பழைய விடுதி உள்ளது. வழிகாட்டியின்றிக் கருங்கூலினுக்குப் போக வேண்டாம் என்று அங்கிருந்தோர் எடுத்துரைத்தனர். ஆதலால் எதிரே நின்ற கிளாமெக் என்னும் செங்குன்றைத் தேர்ந்தோம். அதன் உயரம் 2,543 அடியே. உதகையையும் சிம்லாவையும் கண்டவர்கள் நகைக்கக்கூடும். ஆனால் உதகைக்குப் பேருந்து நம்மைத் தூக்கிச் செல்கிறது. இங்கோ கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் அடியையும் நம் முழங்காலே ஏற்றாக வேண்டும்.

முதலில் சேற்று நிலம். புல்லென்று நம்பிக் கால் வைத்தால் கணுக்கால்வரை புதையும். அதைக் கடந்ததும் செங்குத்தான சரிவு. மேலே போகப் போகச் சரளைக்கல். ஓர் அடி வைத்தால் அரை அடி கீழே சறுக்குகிறது. நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் வகுத்த கணக்கு ஒன்றை மலை நடையினர் இன்றும் கைக்கொள்கின்றனர்: மூன்று மைலுக்கு ஒரு மணி, 2,000 அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. அவ்வாறு பார்த்தால் எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போதும். இரண்டரை மணி கழிந்தும் உச்சி கண்ணில் படவில்லை. மாறாக, மேற்கிலிருந்து மூடுபனி வந்து சேர்ந்தது. பத்தடி தூரத்தில் நின்ற மைத்துனர் வெறும் குரலாகிவிட்டார்.

மனைவியார் ஒரு பாறைமேல் அமர்ந்து, "நீங்கள் இருவரும் போய் வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார். முழங்கால் வீங்கியிருந்ததை அதுவரை அவர் சொல்லவே இல்லை. "இன்னும் ஐந்நூறு அடிதான், அத்திம்பேர்! அரை மணியில் திரும்பிவிடலாம்" என்றார் மைத்துனர். உள்ளதைச் சொல்வதானால், எங்களுக்கும் ஒரு கணம் அவ்வாசை எழுந்தது. மூடுபனியில் ஒருவரைத் தனியே விட்டுச் சென்றால், திரும்பி வந்து எந்தப் பாறையைத் தேடுவது? மூவரும் இறங்கினோம். மைத்துனர் கீழே வரும்வரை வாய் திறக்கவில்லை.

விடுதியில் தேநீர் அருந்தும்போதுதான் ஹர்கபீர் தாபாவின் வரலாற்றை அவருக்குச் சொன்னோம். ஹர்கபீர், இந்தியப் படையின் கூர்க்கா வீரர். பிற்காலத்தில் 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்டுக் குழுக்களுக்குத் தலைமை பூண்ட சார்லஸ் புரூஸ் என்ற அதிகாரி, 1899-இல் அவரை ஸ்கை தீவுக்கு அழைத்துச் சென்றார். ஹர்கபீர் ஸ்லிகாஹனிலிருந்து கிளாமெக் உச்சிக்கு ஓடி 75 நிமிடத்தில் திரும்பினார். அப்பகுதியின் குலத்தலைவராகிய மக்லவுட் அதை நம்ப மறுத்தாராம். ஹர்கபீர் மீண்டும் ஓடினார். ஏற 37 நிமிடம், இறங்க 18 நிமிடம், ஆக 55. அதுவும் வெறுங்காலோடு என்பர். கேலிக் பேசும் அத்தீவினர் நடுவே, தம் சொல்லை ஐயுற்றவருக்கு அவர் எந்த மொழியில் விடை கூறியிருப்பார் என்பது எங்கள் தொழிலுக்கேயுரிய சிந்தனை. கால்களால் கூறினார் என்றே கொள்ளலாம்.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1895-இல், நங்க பர்வதத்தில் மம்மரி என்ற ஆங்கிலேயருடன் ரகோபீர் தாபா, கோமன் சிங் என்னும் இரு கூர்க்காக்கள் மறைந்துபோயினர். அக்குழுவில் இருந்து உயிருடன் மீண்டவர்களுள் ஒருவர் நார்மன் காலி என்ற வேதியியல் பேராசிரியர். கருங்கூலினைத் துருவி ஆராய்ந்தவரும் அவரே. அவருக்கும், அவருடைய வழிகாட்டியும் தீவினருமான ஜான் மக்கென்ஸிக்கும் 2020-இல் ஸ்லிகாஹனில் வெண்கலச் சிலை எழுப்பினர். இருவரும் அடக்கமானதும் தீவின் ஒரே இடுகாட்டில், அருகருகே. ஹர்கபீருக்கு அங்கே நாங்கள் சிலை எதனையும் காணவில்லை. ஆயினும் அவர் ஓடிய மலைமீது ஓட்டப்போட்டி நடத்தி அவரை நினைவுகூர்கின்றனர்.

மாலை ஏழு மணிக்குப் பனி விலகியது. அந்நாட்டில் மே மாதத்தில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் உண்டு. கிளாமெக் அடி முதல் முடி வரை தெளிவாய் நின்றது. நாங்கள் திரும்பிய பாறை எது என்று மைத்துனர் விரலால் காட்ட முயன்றார். அங்கிருந்து பார்க்கையில் எல்லாப் பாறையும் ஒன்றுபோலவே இருந்தன. மனைவியார் முழங்காலில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு, "உச்சிக்கு இன்னும் முந்நூறு அடிதான் இருந்திருக்கும்" என்றார். கடைசிப் பேருந்து வந்தது, ஏறிக்கொண்டோம்.