சம்பூரை யார் வரைவது?



இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, நமது திருகோணமலை மாவட்டத்தில் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கிற சம்பூரைப் பற்றி உங்களோடு பேச வேண்டும். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் தப்பி அந்த ஊர்ச் சனம் வெளியேறியது. அதன்பிறகு சம்பூரை வரைந்தவர்கள் எல்லாரும் வெளியார். 2007இல் உயர் பாதுகாப்பு வலயம். பிறகு 500 மெகாவாட் அனல்மின் நிலையத் திட்டம். 2012இல் கனரகக் கைத்தொழில் வலயம் என்று இன்னொரு வர்த்தமானி. அதில் 818 ஏக்கர்.

அந்தத் தாள்களில் ஊர் ஏக்கராக இருந்தது. பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு எந்த ஒழுங்கையால் சுருக்காகப் போகலாம், எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது என்பதெல்லாம் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம் கொட்டில்களில் இருந்தவர்களின் நெஞ்சில் இருந்தது. 2015இல் அந்த வர்த்தமானி ரத்தானது. 2016இல் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுபட்டது; அனல்மின் திட்டமும் அதே ஆண்டில் கைவிடப்பட்டது. வேலியும் வீடும் அழிந்து பற்றை மண்டிய நிலத்துக்குத் திரும்பியவர்களுக்கு நெஞ்சில் இருந்த அந்தப் படமே வழிகாட்டி.

இப்படி மனிதர் மனதில் வைத்திருக்கும் ஊரை ஆய்வுப் பொருளாக்கியவர் கெவின் லிஞ்ச். பொஸ்டன் முதலான மூன்று அமெரிக்க நகரங்களில், உங்கள் நகரை நினைவிலிருந்து வரையுங்கள் என்று வாசிகளையே கேட்டார். 1960இல் அதை நூலாக்கினார். அன்று தாளும் பென்சிலும். இன்று அந்த வேலைக்கு உங்கள் கையிலுள்ள போன் போதும். நைரோபியின் கிபேரா குடியிருப்பு வரைபடத்தில் வெற்றிடமாகவே இருந்தது. 2009இல் அங்குள்ள இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு நடந்து அதை நிரப்பினார்கள். டெல்லியில் 2013இல் தொடங்கிய சேஃப்டிபின் செயலி, தெருவில் வெளிச்சம் உண்டா, நடைபாதை உண்டா என்பதோடு, இங்கே நிற்க உனக்குப் பயமில்லையா என்றும் கேட்கிறது. நில அளவையாளர் எவரும் கேட்டிராத கேள்வி அது. என் மனதுக்கு மிக நெருக்கமானதும் அதுதான்.

ஆனால் நமது மாவட்டத்தில் அந்தக் கேள்வியை எடுத்த எடுப்பில் கேட்க முடியாது. எந்தச் சந்தியால் போக அச்சம் என்று ஒரு பெண் போனில் குறித்தால், அந்தக் குறிப்பு யார் கைக்குப் போகும்? இதற்கு விடை தெரியாமல் எவரிடமும் போனை நீட்டாதீர்கள். பெயரைப் பதியாதீர்கள். எதைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்பதை ஊரே தீர்மானிக்கட்டும். இன்னொன்றும் உண்டு. ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களின் ஊர் மட்டும் படத்தில் ஏறினால் அது பாதி ஊர். கடற்கரைச்சேனையிலும் கூனித்தீவிலும் ஆச்சிமாரின் பக்கத்தில் குந்தியிருந்து, அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் குறியுங்கள்.

இது ஆறுதலாகச் செய்கிற வேலையும் அல்ல. 2025 ஏப்ரலில் சம்பூர் 120 மெகாவாட் சூரியமின் நிலையத்தின் கட்டுமானப் பணியைத் தொடக்கி வைத்தார்கள். மின்சாரம் நாட்டுக்கு வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. வேலி எங்கே வரும், மாடு எந்த வழியால் மேயப் போகும், அந்திக்குப் பிறகு பெண்கள் எந்தப் பாதையால் வீடு திரும்புவார்கள் என்பதை ஊர்ச் சனமே வரைந்து வைத்திருக்க வேண்டிய வேளை இது. வரைந்ததைப் பெரிதாக அச்சடித்துக் கோயில் மண்டபத்தில் தொங்கவிடுங்கள். பிழைகளை ஊரார் திருத்தட்டும். மூதூர் பிரதேச செயலகத்தில் அடுத்த காணிக் கூட்டம் கூடும்போது, அந்தப் படமும் மேசையில் இருக்க வேண்டும்.