கம்பி யாருடையது?



"ஒருவன் தன் பணத்தைப் போட்டு அமைத்த டெலிபோன் கம்பியை அவனுடைய போட்டிக்காரனுக்கு வாடகைக்கு விடும்படி சர்க்கார் கட்டாயப்படுத்துவது பகற்கொள்ளையல்லவா?" என்று சிலர் நம்மைக் கேட்கிறார்கள். மேலுக்குப் பார்த்தால் நியாயம் போலவே தோன்றும். ஆனால் எந்தச் சொத்தானாலும் அது எப்படி வந்தது என்று விசாரிப்பதல்லவா அறிவுடைமை? அமெரிக்காவில் நடந்த சங்கதியைச் சற்றுப் பார்ப்போம்.

அங்கு கிரகாம் பெல் 1876-ல் டெலிபோனுக்குப் பேடெண்டு பெற்றார். 1893, 1894-ல் அவருடைய முக்கிய பேடெண்டுகள் காலாவதியானதும் ஊருக்கு ஊர் புதுக் கம்பெனிகள் கிளம்பின. பெல் கம்பெனியோ தன்னுடைய தொலைதூரக் கம்பியில் அவைகளைச் சேர்க்க மறுத்தது. இதனால் பல ஊர்களில் வியாபாரிகள் இரண்டு கம்பெனிக்கும் பணம் கட்டி, மேஜை மேல் இரண்டு டெலிபோன் வைத்துக் கொள்ள வேண்டியதாயிற்று. சர்க்காரின் ஏகபோகத் தடை நடவடிக்கைக்கு அஞ்சியே 1913-ல் அக்கம்பெனி இணைப்புக் கொடுக்க இசைந்தது.

அப்புறமாவது ஏகபோகம் ஒழிந்ததா? இல்லை. பெரும்பாலான ஊர்களில் ஒரே கம்பெனிதான். கட்டணத்தைக் கமிஷன்கள் நிர்ணயித்தன. போட்ட முதலுக்கு நியாயமான லாபமும் அதிலேயே சேர்க்கப்பட்டது. கம்பம் நட்டது பொதுத் தெருவில், லாபம் கொடுத்தது பொதுஜனங்கள், போட்டியோ கிடையாது. இப்படி வளர்ந்த கம்பியை "என் சொந்தம், எவனும் தொடாதே" என்பதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

1984-ல் அந்தப் பெரிய கம்பெனி உடைக்கப்பட்டது. ஆனால் உள்ளூர்க் கம்பிகள் ஏழு பிராந்தியக் கம்பெனிகளின் கைக்குப் போயினவே தவிர, உள்ளூர் ஏகபோகம் போகவில்லை. ஆகவேதான் 1996-ம் வருஷத்துச் சட்டம், பழைய கம்பெனிகள் தங்கள் கம்பிகளைச் செலவை ஒட்டிய வாடகைக்குப் புதியவர்களுக்கு விடவேண்டும் என்றது. வாடகைக்கு என்றால் இனாமாக அல்ல என்பதைக் கவனியுங்கள். வாடகைக் கணக்கிடும் முறையை எதிர்த்துக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு அம்முறை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆனாலும் 2004-ல் அப்பீல் கோர்ட்டு கமிஷனின் விதிகளில் முக்கியமான சிலவற்றைத் தள்ளிவிட, அடுத்த வருஷமே வாடகைக்கு விடும் கடமை வெகுவாகச் சுருக்கப்பட்டது.

நிற்க, எதிர்க்கட்சியாரின் வாதத்தில் ஒன்றை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். நஷ்டத்துக்குத் துணிந்து இன்று புதிதாகக் கண்ணாடி இழைக் கம்பி போடுகிறவனிடம், போட்ட மறுநாளே "அதில் பங்கு கொடு" என்றால் எவன் போடுவான்? 2003-ல் கமிஷன் வீடுவரை புதிதாகப் போடும் இழைக் கம்பிக்குப் பெரும்பாலும் விலக்களித்ததற்கு இதுவே காரணம். ஆனால் துணிந்து போட்டவனுக்குரிய சலுகையை, ஏகபோகத்தில் வாரிசாக வந்த பழைய செம்புக் கம்பிக்கும் கேட்பது பித்தலாட்டமேயாகும்.

ஆகவே தோழர்களே! "என் சொத்து" என்று எவன் கூவினாலும், "எவர் பணத்தில், எவர் தெருவில், எந்தப் பாதுகாப்பில் வந்தது?" என்று கேளுங்கள். பதிலைப் பார்த்துப் பிறகு நியாயம் சொல்லுங்கள். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக மட்டும் நம்பிவிடாதீர்கள்.