ஒரு செயலாளர் நாயகத்தின் தினக்குறிப்பு

1961ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் திகதி, அந்நாளில் வட ரொடீசியா எனப்பட்ட இன்றைய சாம்பியாவின் இந்தோலா நகருக்கு அண்மையில், விமானமொன்று காட்டிடையே வீழ்ந்து எரிந்தது. கொங்கோவிற் போர்நிறுத்தம் காணப் புறப்பட்ட ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் டாக் ஹமர்சோல்ட் அதில் மாண்டார். விபத்தோ வஞ்சனையோ என்னும் வினா இன்றளவும் தீர்ந்தபாடில்லை. ஆயின், இப்பேச்சின் பொருள் அவ்வினாவன்று; அவரது நியூயோர்க் இல்லத்திற் கண்டெடுக்கப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதி.

அதனோடு, சுவீடன் வெளிநாட்டமைச்சின் உயர் அதிகாரியான நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதமும் இருந்தது. தம்மோடும் கடவுளோடும் தாம் நடத்திய வழக்கின் பதிவே அது என்றும், தகுமெனத் தோன்றின் வெளியிடலாம் என்றும் அக்கடிதம் கூறிற்று. 1963இல் அது சுவீடிய மொழியில் நூலாயிற்று. மறு ஆண்டு, லெய்ப் ஷோபேர்க் என்பாரும் கவிஞர் ஓடனும் சேர்ந்து ஆங்கிலமாக்கினர்.

சூயஸ் நெருக்கடி, கொங்கோக் கலவரம், வல்லரசுகளின் சினம் ஆகியவற்றின் உட்கதையை நாடி இந்நூலைத் திறப்போர் ஏமாறுவர். எந்த அரசியல்வாதியின் பெயரும் அதில் இல்லை. தம் பதவி இன்னதென்றுகூட அவர் சொல்லவில்லை. உள்ளவையெல்லாம் சிறு சிறு குறிப்புகள்: சில ஒரு வரி, சில அரைப்பக்கம், 1959இல் யப்பானிய ஹைக்கு வடிவில் எழுதிய செய்யுள்கள். இளமைக் குறிப்புகளில் தனிமை கனக்கின்றது. 1952ஆம் ஆண்டுப் பக்கங்கள் வாழ்வின் பயனையே ஐயுறுகின்றன. புத்தாண்டு தோறும், இரவு அணுகுகின்றது என்னும் பழைய ஞானப்பாட்டின் அடியைக் குறித்து வைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. 1953இன் தொடக்கத்தில் அதே அடியின் கீழ், கடந்தவற்றுக்கு நன்றியும் வருவனவற்றுக்கு இசைவும் எழுதப்பட்டுள்ளன.

நேயர்கள் இங்கு ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். செயலாளர் நாயகம் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது அவ்வாண்டு மார்ச்சு இறுதியிலேதான். ஆகவே, பெரும்பதவி கிடைத்தமையால் மனம் தேறிற்று என்று சொல்ல இடமில்லை. இசைவு முந்தியது, அழைப்புப் பிந்தியது.

நூல் வெளிவந்தபோது சுவீடனில் எதிர்ப்பும் கிளம்பிற்று. தம்மைக் கிறிஸ்துவோடு ஒப்பிட்டுக்கொண்டார் என்று சிலர் கடிந்தனர். சிலுவையின் வழியைத் தம் வழியாக நோக்கும் குறிப்புகள் உள்ளமை மெய்யே. எனினும், தற்பெருமை என்னும் அக்குற்றத்தை அவர் மீது முதலிற் சுமத்தியவர் அவரேயன்றோ? புகழில் மனம் இனித்த ஒவ்வொரு வேளையும் அந்நூலிற் கடுமையாக விசாரிக்கப்படுகின்றது. அம்மட்டிற்குக் கண்டனக்காரர் பக்கங்களை விரைந்து புரட்டினர் போலும்.

வெளியுலகில் அவர் தம் சமயத்தை முன்னிறுத்தியவரல்லர். ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் 1957இல் அவர் புதுக்குவித்த தியான அறையிற் சிலுவையோ வேறு சமயச் சின்னமோ கிடையாது. நடுவே சுவீடனிலிருந்து வந்த இரும்புத் தாதுக் கல்லொன்று மட்டுமே, மேலிருந்து ஓர் ஒளிக்கதிர் விழ, அமைந்துள்ளது. பல சமயத்தாரும் அமரும் இடத்தில் தம் நம்பிக்கையை ஒருவர் மீதும் திணியாதவர், இரவில் அதனையே தமக்கு நீதிபதியாக்கினார். மத்தியகால ஞானி எக்ஹார்ட்டும் சிலுவையின் அருளப்பரும் அவருக்குத் துணைநின்றனர்.

இறுதிப் பயணத்துக்கு முன் அவர் தங்கியிருந்த லியோபோல்ட்வில் இல்லத்தில் ஒரு சிறுநூல் எஞ்சியிருந்தது. அது தோமஸ் அக்கெம்பிசின் கிறிஸ்துநாதர் அநுசாரம். படித்து நிறுத்திய இடத்தைக் காட்ட அதனுள்ளே ஒரு தாள் செருகப்பட்டிருந்தது. செயலாளர் நாயகமாக அவர் எடுத்த சத்தியப்பிரமாணம் அத்தாளில் எழுதப்பட்டிருந்தது.